இருநூற்றுப் பன்னிரண்டு வாழ்த்து அட்டைகள்

என் ஆராய்ச்சித் தலைப்பை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆனது. 'சேவை, டிஜிட்டல்மயமாக்கல், வணிக மதிப்பு உருவாக்கம்: திண்டுக்கல் வட்டாரத்து ஜவுளி விற்பனையை முன்வைத்து ஓர் ஆய்வு.' முதலில் அதில் 'கணினிமயம்' என்றுதான் இருந்தது. என் கைடு டாக்டர் ராயப்பராஜ் பெங்களூரில் ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்த மறுநாள், அந்த வார்த்தையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'டிஜிட்டல்மயம்' என்று எழுதினார். அவருக்கு அரை நிமிட வேலை. நான் நாற்பது பக்கம் மறுபடி அடித்தேன்.

நான் ஆனந்தி. திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் விரிவுரையாளர். 1998-இல் பிஎச்.டி.க்குப் பதிந்தேன். 2004 தொடங்கியபோது என் கையில் இருந்தவை ஒரு தலைப்பு, மூன்று பெட்டி கேள்வித்தாள், கொஞ்சம் அல்சர். அந்த ஜனவரியில் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அடுத்த வருடம் மார்ச்சுக்குள் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்காதவர்கள் தற்காலிகப் பட்டியலுக்குப் போவார்கள். தற்காலிகம் என்றால் ஒவ்வொரு மே மாதமும் முதல்வர் அறை வாசலில் போய் நின்று, எனக்கு இந்த வருடம் வேலை உண்டா சார் என்று கேட்பது. பல்கலைக்கழகமும் எனக்குக் கொடுத்த கடைசி நீட்டிப்பு அதே மார்ச்சோடு முடிந்தது.

கைடு ஒரு படம் வரைந்து கொடுத்திருந்தார். இடது பக்கம் ஒரு பெட்டி, அதில் 'சேவை'. நடுவில் ஒன்று, 'டிஜிட்டல்'. வலது பக்கம் 'மதிப்பு'. நடுப் பெட்டியிலிருந்து வலது பெட்டிக்கு ஒரு தடித்த அம்புக்குறி.

"அம்பு நான் போட்டாச்சும்மா. அது உண்மைன்னு நீ நிரூபிச்சிரு. அம்புட்டுத்தான் பிஎச்.டி."

அவர் ஆறு வருடத்தில் எனக்குச் செய்த மொத்த வழிகாட்டல் அந்த அம்புதான்.

நிரூபிக்க ஒரு கடை வேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் வாடிக்கையாளர்களிடம் ஒரு கணக்கெடுப்பு, வந்த பின் ஒன்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆய்வு. சின்னாளபட்டிக் கடைத்தெருவில் ஒவ்வொரு சேலைக் கடையாக ஏறி இறங்கினேன். 'கம்ப்யூட்டர் வந்தா பின்னாலயே சேல்ஸ் டாக்ஸ்காரனும் வருவான்' என்று எல்லோரும் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சரி என்றவர் ஆவுடையப்பன் ஒருவர்தான். அந்தத் தெருவில் முதன்முதலில் கண்ணாடிக் கதவு போட்டவர் அவர். அதில் முதன்முதலில் முட்டிக்கொண்டவரும் அவரே. நான் பி.ஜி.டி.சி.ஏ. என்ற கம்ப்யூட்டர் டிப்ளமாவும் படித்தவள் என்பதால் ப்ரோகிராமை இலவசமாக எழுதித் தருகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

முதல் கணக்கெடுப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் மாட்டினார்கள். 'இக்கடையின் சேவை என் எதிர்பார்ப்பை விஞ்சுகிறது' என்ற வாக்கியத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் போட வேண்டும். முற்றிலும் உடன்பட்டால் ஐந்து. ஒரு அம்மாள், "யாருகூட உடன்படணும்?" என்று கேட்டாள். இன்னொருத்தி எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டுவிட்டு, "ஃபஸ்ட் ரேங்க் குடுத்துட்டேன், டீச்சருக்குச் சந்தோசந்தானே?" என்றாள். கேள்வித்தாளின் தலையில் பெயரும் முகவரியும் எழுத இடம் விட்டு, கீழே தடித்த எழுத்தில், 'தங்கள் விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும்' என்று நானே அச்சடித்திருந்தேன்.

கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவள் செல்லக்கிளி. நாற்பது வயது இருக்கும், பத்தொன்பது வருடமாக அங்கே வேலை. பாயில் உட்கார்ந்து, வருகிறவளின் முகத்தைப் பார்த்தே எந்த அடுக்கிலிருந்து உருவ வேண்டும் என்று தெரிந்துகொள்வாள். ஆனால் அவளுடைய உண்மையான வேலை அது இல்லை என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்தேன். அவள் மடியில் ஒரு பவுடர் டப்பா இருக்கும். டப்பா நிறைய பழைய விலைச் சீட்டுகள்.

ஒரு மாமியார் வந்து இரண்டு சேலை எடுப்பாள். மகளுக்கு அறுநூற்று இருபதில் ஒன்று, மருமகளுக்கு முன்னூற்று எண்பதில் ஒன்று. எடுத்து முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "செல்லக்கிளி, ரெண்டும் ஒண்ணுதேன்" என்பாள். செல்லக்கிளி நகத்தால் இரண்டு சீட்டையும் கிள்ளி எடுத்துவிட்டு, டப்பாவிலிருந்து ஐநூறு என்று போட்ட இரண்டு சீட்டை எடுத்து ஒட்டுவாள். பில்லில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். பிறகு அந்த மருமகளே நிறம் மாற்ற வந்தாலும், "இது ஐநூறு ரூவா சேலைக்கா, அதே வெலையில பாருங்க" என்று கண் சிமிட்டாமல் சொல்வாள். எந்த வீட்டுக்கு எந்தப் பொய் என்பது பத்தொன்பது வருடமாக அவளுக்கு மாறியதில்லை. திண்டுக்கல், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று மூன்று பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி ஜனம் அந்தக் கடைக்கே வந்ததற்குக் காரணம் இது. என் கேள்வித்தாளில் இருந்த முப்பத்தாறு கேள்விகளில் ஒன்றுகூட இதைத் தொடவில்லை.

நான் நோட்டில் இப்படி எழுதினேன்: 'விலைச் சீட்டில் முறைகேடு காணப்படுகிறது. டிஜிட்டல்மயத்தால் இது களையப்படும்.' எழுதிவிட்டு இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

சித்திரையில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று தடுத்த கண்ணாடி அறைக்குள் போக எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். மானிட்டருக்கு மல்லிகைச் சரம், கீபோர்டுக்குச் சந்தனம், மவுசுக்குக் குங்குமம். குங்குமம் உள்ளே போய் மவுஸ் இரண்டு நாள் ஓடவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு சேலைக்கும் ஒரு எண், எண்ணுக்குள் அசல் விலை, வாங்கியவரின் பெயர் என்று எல்லாம் பதிவானது. செல்லக்கிளி பவுடர் டப்பாவை விடவில்லை. சீட்டு மாற்றுவது வெளியே நடந்தது, அசல் விலை உள்ளே ஏறியது. ஆவுடையப்பன் அவளை மெல்ல மடிப்பு வேலைக்குத் தள்ளினார். "இனிமே ஞாவகம் வச்சுக்கிற வேலைக்கு ஆளு வேண்டாமே மேடம்" என்று என்னிடம் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அட்டை யோசனை கைடுடையது. வாடிக்கையாளருக்கு அவர் வாங்கியதை நினைவுபடுத்தி வாழ்த்து அனுப்ப வேண்டும், அதற்குப் பெயர் உறவு மேலாண்மை என்றார். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ராத்திரி பகலாகக் கிறீச்சிட்டு இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகளை அடித்துத் தள்ளியது. 'இனிய தீபாவளி நல்வாழ்த்துகள். ஆடி முதல் புரட்டாசி வரை தாங்கள் நம்மிடம் வாங்கிய சேலைகள்' என்று தலைப்பு. கீழே ஒவ்வொரு சேலையின் நிறம், விலை. முகவரியை எங்கிருந்து எடுத்தேன்? ரகசியமாக வைப்பதாக நான் வாக்குக் கொடுத்த கேள்வித்தாள்களிலிருந்துதான்.

தபால்காரர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பது மருமகள்கள். இதை நான் யோசிக்கவே இல்லை. நானும் ஒரு மருமகள், ஆனால் அந்த நேரத்தில் கல்லூரியில் இருப்பேன்.

வத்தலக்குண்டுச் சாலையில் ஒரு மருமகள் அட்டையைக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்துவிட்டு, மாமியார் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டபோது, "முன்னூத்தி எம்பது ரூவாய்க்கு இம்புட்டுத்தான் ஊத்த முடியும்" என்றாளாம். ஒரு வீட்டில், கணவர் மனைவி பேரைச் சொல்லி எடுத்தது இரண்டு சேலை என்றது அட்டை. வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒன்று. அந்த மனிதர் கடைக்கு வந்து, கத்தக்கூட தெம்பில்லாமல், "நான் ஒங்களுக்கு என்னய்யா பாவம் செஞ்சேன்?" என்று கேட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தீபாவளி விற்பனை முழுவதும் சண்டையாகவே போனது. ஆவுடையப்பன் கண்ணாடிக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு வியாபாரம் செய்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது; எண்ணிக்கைக்காக வீட்டிலும் ஒரு கேள்வித்தாள் நிரப்பி வாங்கியிருந்தேன். என் மாமியார் பேச்சாயி அகரத்தில் வயலும் மாடுமாக இருந்து, மாமனார் போன பிறகு திண்டுக்கல்லில் எங்களோடு வந்து இருப்பவர். ஊர்த் திருவிழாவுக்கு எனக்கும் நாத்தனார் சூர்யகலாவுக்கும் அந்தக் கடையில்தான் சேலை எடுத்திருந்தார். ரெண்டும் ஐநூறு என்று எங்கள் இருவர் முன்னாலும் சீட்டைக் காட்டிக் கொடுத்தார். எனக்கு அப்போதே சந்தேகம். சூர்யகலா பெற்ற பிள்ளை, நான் வந்தவள். என்னுடையது முன்னூறுக்கு மேல் இருக்காது என்று மனதுக்குள் எழுதிவைத்துவிட்டேன்.

அட்டை வந்த அன்று சூர்யகலா நிலக்கோட்டையிலிருந்து வந்திருந்தாள். வாசலில் வாங்கியவள் அவளே. நான் கல்லூரியிலிருந்து வந்து நுழையும்போது அவள் கூடத்தில் நின்று சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். "வாடாமல்லி, முன்னூத்தி எம்பத்தஞ்சு. மயில் கழுத்து, அறுநூத்தி பதினஞ்சு."

மயில் கழுத்து என்னுடையது.

"சூர்யா, ஏத்தா, செத்த நில்லு" என்று பேச்சாயி எழுந்தார்.

"பெத்தவளே இப்புடி நெனச்சா, கட்டிக் குடுத்த எடத்துல எவன் மதிப்பான்? இனிமே இந்த வாசல மிதிக்க மாட்டேம்மா" என்று சொல்லி, கொண்டு வந்த மல்லிகைப் பந்தைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். தீபாவளிக்கு வரவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அம்மா கையால் எண்ணெய் வைக்காத முதல் தீபாவளி அவளுக்கு. பேச்சாயி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுண்ட வைத்த வெஞ்சனத்தைத் தொடாமல் மூன்று வாரம் மோர்ச்சோறு சாப்பிட்டார்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். "ஏன் அத்தை, எனக்கு ஏன் விலை கூட எடுத்தீங்க?"

"நீ காலேசுல நூறு பிள்ளைகளுக்கு முன்னாடி நிக்கிறவ. ஒரு தொவைப்புல வெளுக்கிற சேலையக் கட்டிட்டு நின்னா யாரு மானம் போகும்? எம் மானந்தான் போகும்" என்று எரிந்து விழுந்தார். அவ்வளவுதான் பதில். ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்து அந்த மனுஷியைத் தப்பாகவே படித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இதில் வாடிக்கையாளர் மனநிலை என்று ஐம்பது பக்கத்துக்கு அத்தியாயம் வேறு எழுதியிருந்தேன்.

இரண்டாவது கணக்கெடுப்பை எடுக்கத்தான் வேண்டியிருந்தது. பாதி வீடுகளில் வாசலிலேயே நிறுத்தினார்கள். ஆனாலும் கோபத்தில் நன்றாகப் பதில் சொன்னார்கள். ஒரு அம்மாள் பூஜ்யம் போட இடம் எங்கே என்று கேட்டு வாங்கிப் போட்டாள். எண்களைக் கூட்டிப் பார்த்தேன். டிஜிட்டலால் மதிப்பு உயரவில்லை, அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. ஆறு வருடம் போச்சு என்று நினைத்துக்கொண்டு கைடிடம் கொண்டுபோனேன்.

டாக்டர் ராயப்பராஜ் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஏம்மா, இது தங்கச் சுரங்கம்மா! எல்லாவனும் கம்ப்யூட்டர் வந்தா ஒசரும்னு எழுதுறான். நம்ம மட்டுந்தான் எறங்கும்னு நிரூபிச்சிருக்கோம். அந்த அம்புக்குறியில மைனஸ் போடு!"

முதல் முறையாக எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். மார்ச்சில் சமர்ப்பிக்கலாம், வைவா நிச்சயம், இரண்டு கட்டுரை வரும், ஒன்றில் அவர் பெயர் முதலில் இருக்கும் என்றார். ஒரே ஒரு தாள்தான் பாக்கி. பதிவான விலைகள் அனைத்தும் சரியானவை என்று கடைக்காரர் தம் லெட்டர்பேடில் ஒரு சான்றிதழ் தர வேண்டும். பல்கலைக்கழக விதி.

அன்று நான் நடக்கவில்லை, பறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம் குலைந்ததற்கு எனக்கு டாக்டர் பட்டம். அதைப் பற்றி அன்றைக்கு எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுவாரம் செல்லக்கிளி கல்லூரிக்கே வந்துவிட்டாள். ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"டீச்சரம்மா, ஒரே ஒரு ஒதவி. கம்ப்யூட்டர் தப்பா அடிச்சிருச்சுன்னு ஒரு கடுதாசி எழுதித் தரணும். வீட்டுக்கு ஒண்ணு."

"அது தப்பா அடிக்கலையே செல்லக்கிளி. விலையெல்லாம் சரிதானே?"

"சரியா இருந்ததுனாலதானே டீச்சரம்மா இம்புட்டுச் சண்டையும்" என்றாள். "நானும் வீடு வீடாப் போயி மிசினு கோளாறுன்னு சொல்லிப் பாத்துட்டேன். நான் சீட்டு மாத்துறவன்னு இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு, எவளும் நம்ப மாட்டேங்குறா. நீங்க படிச்சவுக. கையெழுத்துப் போட்டுச் சொன்னா நம்புவாக. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணும்னு சனத்துக்குத் தெரியும்ல? கரண்டு பில்லுல எத்தன தடவ பண்ணியிருக்கு."

அது உண்மைதான். அந்த நாட்களில் கரண்டு பில், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் என்று எதில் கோளாறு வந்தாலும் 'கம்ப்யூட்டர் மிஸ்டேக்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜனம் சமாதானமாகிவிடும். மனுஷர் செய்த தப்பை மன்னிக்காதவர்கள்கூட அதை மன்னித்தார்கள்.

நான் சாமர்த்தியமாக ஒன்று யோசித்தேன். கடிதமும் கொடுக்கலாம், சான்றிதழும் வாங்கலாம். இரண்டையும் கடை லெட்டர்பேடிலேயே அடிக்கலாம் என்று ஆவுடையப்பனிடம் போய்ச் சொன்னேன். தீபாவளிக்குப் பின் அவர் கடையில் ஈ ஓடிக்கொண்டிருந்தது.

"வெலை தப்புன்னு வீட்டுக்கு ஒரு கடுதாசி, வெலை சரின்னு யுனிவர்சிட்டிக்கு ஒரு கடுதாசி. ஒரே லெட்டர்பேடுல ரெண்டு விதமாவா மேடம் எழுதுறது? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, கையெழுத்துப் போடுறேன்" என்றார். சேலைக்கு இரண்டு விலை போட்டு இருபது வருடம் வியாபாரம் செய்தவருக்கு அன்றைக்கென்று பார்த்து நியாயம் வந்துவிட்டது.

கைடு போனிலேயே குதித்தார். "டேட்டா தப்புன்னு நீயே எழுதிக் குடுத்தா தீசிஸ் எங்கம்மா இருக்கு? ஆறு வருசம்மா! உனக்கென்ன கிறுக்கா?"

வீட்டுக்குப் போனேன். கடிதத்தை எழுத வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். பேச்சாயி போனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நிலக்கோட்டைக்குப் போட்டிருக்கிறார். பேரன் எடுத்து, அம்மா இல்லை என்று சொல்லச் சொன்னதாக அப்படியே சொல்லியிருக்கிறான். அதை என்னிடம் சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பெறகு பேசுவா, விடு" என்று எனக்கு ஆறுதல் வேறு.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கைடின் மேல், அம்புக்குறியின் மேல், என் மேல். அந்த ஆத்திரத்திலேயே உட்கார்ந்து எழுதினேன். 'நான் எழுதிய ப்ரோகிராமில் ஏற்பட்ட பிழையால் ஒருவர் கணக்கில் மற்றவர் வாங்கிய சேலையும் விலையும் கலந்து அச்சாகிவிட்டன. சேலையில் ஒட்டியிருந்த சீட்டில் உள்ளதே சரியான விலை. தவறு முழுவதும் என்னுடையது.' அதே பிரிண்டர் மறுபடி இருநூற்றுப் பன்னிரண்டு அடித்தது. ஒவ்வொன்றிலும் பெயர், படிப்பு, கல்லூரி எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டேன். பாதிக்கு மேல் விரல் மரத்துவிட்டது. செல்லக்கிளி பக்கத்தில் உட்கார்ந்து தபால்தலை ஒட்டினாள். வேலை முடிந்ததும், "நெசமாவே எழுதிட்டீகளே" என்றாள். அவளுக்கே நம்பிக்கை இல்லாமல்தான் கேட்டிருக்கிறாள்.

ஜனம் நம்பியது. கொஞ்சம் நம்பாதவர்களும் நம்பியதாக வைத்துக்கொண்டார்கள், அவர்களுக்கும் சண்டை அலுத்திருந்தது. காலண்டர் ஆணியிலிருந்து அட்டை இறங்கியது. படியில் உட்கார்ந்த மனிதர் கடிதத்தைப் பிரேம் போட்டு மாட்டியிருப்பதாகச் சொன்னார்கள். செல்லக்கிளி மறுபடி பாய்க்கு வந்தாள். கம்ப்யூட்டருக்கு உறை தைத்துப் போட்டார் ஆவுடையப்பன். என் பதிவு ரத்தாகும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. வாசலில் வாங்கி வைத்தவர் பேச்சாயி; என்ன தாள் என்று கேட்டார், சொன்னேன்.

பொங்கலுக்குச் சூர்யகலா வந்தாள். வாடாமல்லிச் சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் என் கடிதத்தோடு வந்தாள். கூடத்தில் அண்ணன், புருஷன், பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் அதை விரித்து ராகம் போட்டு வாசித்தாள். "'தவறு முழுவதும் என்னுடையது!' ஏன் அண்ணி, இம்புட்டுப் படிச்சு ஒரு வெலைய ஒழுங்கா அடிக்கத் தெரியலையா? எங்க ஊரு பூக்கடைக்காரன் கைநாட்டு, அவன் ஒரு முழம் தப்ப மாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். "தெரியலையே சூர்யா" என்றேன்.

"அவளுக்கு ஒலைக்கு உப்புப் போடவே அளவு தெரியாது, வெலை எங்கிட்டுத் தெரியப் போகுது" என்று அடுப்படியிலிருந்து பேச்சாயி கத்தினார். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல் அவ்வளவு உரக்க வருகிறது. "நானே பயந்துட்டேன்டி, எம் புத்திதான் கெட்டுப் போயி வெலை மாத்தி எடுத்துட்டனோன்னு. பாத்தா இந்த மக்கு பண்ணுன வேல!"

சூர்யகலா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அது சரி அண்ணி, அந்த டாக்டர் பட்டம் எப்ப வருது? நிலக்கோட்டையில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

நான் வாயைத் திறக்கும் முன் பேச்சாயி முந்திக்கொண்டார். "அதெல்லாம் வராது. கணக்குல தப்பு விட்டவளுக்கு எவன் பட்டம் குடுப்பான்?"

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். பேச்சாயியும் உரக்கச் சிரித்தார், அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு. அவர் தோள் குலுங்குவது எனக்கு மட்டும் தெரிந்தது. நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் எனக்கு நிறுத்த முடியவில்லை.